பக்கத்தில் இன்னொரு கிளாஸ்: பர்கண்டி பயணக் குறிப்புகள்

அக்டோபர் 14, 2025, செவ்வாய் – போன் நகரம்

பிரான்ஸின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில், டிஷோன் நகரம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அங்கே இறங்கிப் பார்த்தால் போன் நகரத்துக்குப் போகிற அடுத்த ரயில் ரத்து. அதற்கடுத்ததும் ரத்து. ஏன் என்று கேட்கலாம் என்று போனால் கவுன்ட்டர் வரிசை வாசல் வரை நிற்கிறது. ரயிலில் இருபது நிமிஷத்துச் சமாச்சாரம். குளிரில் ஒன்றரை மணி நேரம் நின்ற பிறகு ஒரு பஸ்ஸை அனுப்பினார்கள். அது ஊர் ஊராக நின்று நின்று போனது.

ஆனால் அந்த பஸ்ஸைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. மழை வழிகிற ஜன்னலுக்கு வெளியே ஷெவ்ரே ஷாம்பெர்த்தான், வோன் ரொமானே, நுய் சான் ஜார்ஜ் என்று பெயர்ப் பலகைகள் வரிசையாக வந்தன. பாட்டில் லேபிளில் மட்டுமே பார்த்த பெயர்கள். "ஒயின் கடை விலைப்பட்டியலை ரோட்டோரமா நட்டு வச்ச மாதிரி இருக்குடா" என்றார் அத்தான்.

அத்தானைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். அக்கா வரவில்லை, அவர் மட்டும்தான் என்னோடு வந்திருக்கிறார். ஒயினைப் பற்றி அவருக்குத் தீர்மானமான கொள்கைகள் உண்டு. நிறம் அடர்த்தியாக இருக்க வேண்டும். கிளாஸைச் சுற்றினால் உள்பக்கம் கோடு கோடாக வழிய வேண்டும். பாட்டில் கனமாக இருக்க வேண்டும். விலை அதைவிடக் கனமாக இருக்க வேண்டும். இது நான்கும் இல்லாமல், நாக்கை மட்டும் வைத்துத் தரத்தைக் கண்டுபிடிக்க முடியுமா என்று பார்க்கத்தான் நான் வந்தேன்.

முதல் கொள்கை இன்று சாயங்காலமே அடிபட்டது. நகரச் சதுக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒயின் பார். 7 யூரோவுக்கு ஒரு கிளாஸ் சிவப்பு. கூடவே கூஷேர் என்ற சீஸ் உருண்டைகள், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்தவை, ஆறு 5 யூரோ. ஒயின் வெளிர் சிவப்பு. கிளாஸுக்கு அடியில் மெனு அட்டையை வைத்தால் எழுத்தைப் படிக்க முடிந்தது. "தண்ணி கலந்துட்டாங்க" என்றார் அத்தான், தமிழில்தான், ஆனால் முகத்தைப் பார்த்தே பரிமாறிய பெண்ணுக்கு விஷயம் புரிந்துவிட்டது.

அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. இங்கே விளையும் பினோ நுவார் திராட்சைக்குத் தோல் மெல்லிசு, நிறமெல்லாம் தோலிலிருந்துதான் வருகிறது, அதனால் உலகத்திலேயே விலை உயர்ந்த சிவப்பு ஒயின்கள் சில இப்படி வெளிறித்தான் இருக்கும் என்றார். வழிகிற கோடுகளைப் பற்றியும் கேட்டேன். அது ஆல்கஹாலும் தண்ணீரும் வேறு வேறு வேகத்தில் ஆவியாவதால் வருவது. கோடு நிறைய இருந்தால் போதை கொஞ்சம் ஜாஸ்தி, அதற்கு மேல் அதில் சேதி இல்லை.

அப்படியானால் நிறத்தைப் பார்ப்பதே வீணா? இல்லையாம். கிளாஸை வெள்ளைத் துணிக்கு மேலே சாய்த்து, ஓரத்தைப் பார்க்க வேண்டும். சிவப்பு ஒயின் வயதாக ஆக ஓரத்தில் செங்கல் நிறத்துக்குப் போகும். வெள்ளை ஒயின் பொன்னிறமாகி, பிறகு பழுப்படிக்கும். இரண்டு வருஷ ஒயின் இருபது வருஷ நிறத்தில் இருந்தால் ஏதோ கோளாறு. நிறம் வயதைச் சொல்லும், உடம்புக்கு முடியவில்லை என்றால் அதையும் சொல்லும். தரத்தைச் சொல்லாது.

மழை விடவில்லை. அறையில் ஹீட்டர் டக் டக் என்று தட்டிக்கொண்டே இருக்கிறது.

அக்டோபர் 15, புதன் – போன் நகரம்

காலையில் ஒரு சுவைப் பயிற்சி வகுப்பு. ஆளுக்கு 50 யூரோ, மூன்று மணி நேரம். காலை பத்து மணிக்கு ஒயினா என்று அத்தானே தயங்கினார். நாக்கு சுத்தமாக இருப்பது அந்த நேரத்தில்தான் என்றார் ஆசிரியர். காபி குடித்துவிட்டு வந்திருந்த ஒருவரைத் தண்ணீரும் ரொட்டியும் கொடுத்து ஓரமாக உட்கார வைத்தார். பல வருஷம் ஒயின் நிலவறையில் வேலை பார்த்தவராம். கை விரல் இடுக்குகள் கறுத்திருந்தன.

முதல் வேலையே எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரே ஒயின், இரண்டு கிளாஸ். எதுவும் சொல்லாமல் முகர்ந்து பார்க்கச் சொன்னார். கிளாஸைச் சுற்றக் கூடாது. முதலாவதில் செர்ரி மாதிரி ஒரு பழ வாசம். இரண்டாவதில் நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டி. இரண்டும் ஒரே தோட்டம், ஒரே வருஷம். இரண்டாவது பாட்டிலின் கார்க் கெட்டது. டிசிஏ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் ஒரு ரசாயனம் கார்க்கில் இருந்தால் இப்படி ஆகும். ஆபத்தில்லை, ஆனால் பழ வாசத்தை அழித்துவிடும். கொஞ்சமாக இருக்கும்போது அட்டை வாசம்கூட வராது, ஒயின் சும்மா மந்தமாக இருக்கும். நாம் ஒயினைக் குறை சொல்லிவிட்டுப் போய்விடுவோம்.

ஹோட்டலில் பாட்டிலைத் திறந்து ஒரு வாய் ஊற்றிவிட்டு நம் முகத்தையே பார்ப்பார்களே, அது எதற்கு என்று அப்போதுதான் சரியாக விளங்கியது. பிடித்திருக்கிறதா என்பதல்ல கேள்வி. கெட்டிருக்கிறதா என்பதுதான்.

வரிசையாக மற்ற நோய்களையும் காட்டினார். காடி நெடி, நகப்பூச்சு நெடி, வெட்டி வைத்த ஆப்பிள் வாடிய நெடி. உரசின தீக்குச்சி வாசம் வந்தால் மட்டும் அவசரப்படாதே, கிளாஸைச் சுற்று, பத்து நிமிஷத்தில் போய்விடலாம் என்றார். தரம் பார்ப்பது என்பதில் பாதி இதுதான் போலிருக்கிறது: முதலில் நோயில்லை என்று உறுதி செய்துகொள்வது.

அப்புறம் வாய். இங்கே அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். புளிப்பைத் தாடை ஓரத்தில் பார், எச்சில் ஊறும். துவர்ப்பை ஈறில் பார், உதடு பல்லோடு ஒட்டும். ஆல்கஹாலைத் தொண்டையில் பார், சூடாக இறங்கும். இதில் எது எவ்வளவு என்பது முக்கியமில்லை; ஏதாவது ஒன்று தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறதா என்பதுதான் முக்கியம். நல்ல ஒயினில் பிரித்துச் சொல்லச் சிரமப்படுவாய் என்றார். துவர்ப்பு அதிகமா குறைவா என்று பார்ப்பதைவிட, அது சொரசொரப்பாக இருக்கிறதா, மாவு மாதிரி நைசாக இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னதும் எனக்குப் புதிசு.

கடைசியாக நீளம். வாயிலிருப்பதைத் துப்பின பிறகு, சுவை எத்தனை நொடி நிற்கிறது? ஒரு நொடிக்கு ஒரு கோதாலி என்று இங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள். சுவரில் நொடிமுள் கடிகாரம் ஒன்று இதற்காகவே தொங்குகிறது. சாதாரண ஒயின் நாலைந்து நொடியில் காலி. அவர் கடைசியாக ஊற்றியது பன்னிரண்டு நொடிக்கு மேல் நின்றது, நின்றது மட்டுமில்லாமல் முடியும்போது சுவை மாறியது. கசப்பும் சூடும் நீள்வதைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எச்சரிக்கை வேறு.

துப்புவதைப் பற்றி ஒரு வார்த்தை. பக்கத்து மேஜைப் பெண்மணி ஒரு முழம் தள்ளி இருந்த வாளிக்குள் நூல் பிடித்த மாதிரி துப்பினார். நான் என் சட்டையில் துப்பினேன். வெளிர் நீலச் சட்டை. அந்தப் பெண்மணி ஒன்றும் பேசாமல் பையிலிருந்து உப்புப் பொட்டலம் எடுத்து நீட்டினார். உப்பு கறையை எடுக்கவில்லை, ஆனால் உப்போடு வகுப்புக்கு வருகிறவரை இனி வேறெங்கே பார்க்கப்போகிறேன்.

வகுப்பு முடிகிற நேரத்தில் கறுப்புக் கண்ணாடி கிளாஸ்கள் வந்தன. உள்ளே என்ன நிறம் என்றே தெரியாது. சிவப்பா வெள்ளையா சொல் என்றார். இதைவிட எளிதான கேள்வி இருக்க முடியாது என்று நினைத்து முகர்ந்தால், தலை சுற்றுகிறது. குளிர்ந்திருந்ததால் வெள்ளை என்று பாதிப் பேர் சொன்னோம். குளிர வைத்த சிவப்பு. 2001-இல் போர்டோவில் ஃப்ரெடெரிக் ப்ரோஷே முதலானோர் வெளியிட்ட ஆய்வொன்றில், ஒயின் படிப்பு மாணவர்கள் 54 பேருக்கு வாசமில்லாத சாயம் கலந்து சிவப்பாக்கிய வெள்ளை ஒயினைக் கொடுத்தார்கள். அவர்கள் அதைச் சிவப்பு ஒயினுக்குரிய வார்த்தைகளாலேயே வர்ணித்தார்கள். கண் சொல்வதை மூக்கு கேட்டுக்கொள்கிறது. ஊதாப்பூ, தோல், காட்டு ஈரம் என்று பின் லேபிளில் அடுக்குகிறார்களே, அதை நான் இனி விளம்பரமாகத்தான் படிக்கப்போகிறேன்.

மதியம் சிவப்பு ஒயின் குழம்பில் வேக வைத்த முட்டை, 16 யூரோ. நாக்கு மரத்துப்போயிருந்ததால் பாதிச் சுவைதான் தெரிந்தது, அந்தப் பாதியே பிரமாதம்.

பிறகு ஒத்தேல் தியூ. 1443-இல் நிக்கோலா ரோலான் என்ற அதிகாரி ஏழைகளுக்காகக் கட்டிய மருத்துவமனை. பலவண்ண ஓடு வேய்ந்த கூரை மழையில் பளபளத்தது. இந்த மருத்துவமனைக்குத் தானமாக வந்த திராட்சைத் தோட்டங்களின் ஒயினை 1859-இலிருந்து ஏலம் விடுகிறார்கள். நவம்பர் மூன்றாவது ஞாயிறு. பீப்பாய் பீப்பாயாக, சில வாரம் வயதான ஒயினை ருசித்து விலை வைக்க வேண்டும். நுரை அடங்காத ஒயினில் அவர்களுக்கு என்ன தெரியும் என்று வாசலில் இருந்த ஊழியரிடம் கேட்டேன். "சிலருக்குத் தெரியும். மற்றவர்கள் அவர்களைப் பார்த்து கையைத் தூக்குவார்கள்" என்றார்.

அக்டோபர் 16, வியாழன் – வூஜோ, வோன் ரொமானே, மோரே

மழை போய் மூடுபனி. பத்தடிக்கு மேல் எதுவும் தெரியவில்லை. டாக்ஸி 45 யூரோ, வலித்தது.

க்ளோ த வூஜோ தோட்டத்தைச் சுற்றிக் கல்சுவர். மத்திய காலத்தில் சிஸ்டர்ஸியத் துறவிகள் உருவாக்கியது. உள்ளே சுமார் 50 ஹெக்டேர், இன்று ஏறக்குறைய 80 உரிமையாளர்கள். எல்லாருமே லேபிளில் ஒரே பெயரைப் போட்டுக்கொள்ளலாம், எல்லாமே கிராண்ட் குரு. இங்கே படிநிலை நாலு: கீழே வெறும் பர்கண்டி, அதற்கு மேல் ஊர் பெயர் போட்டது, அதற்கு மேல் ஊரும் தோட்டமும் போட்ட ப்ரெமியே குரு, உச்சியில் தோட்டப் பெயர் மட்டும் போட்ட கிராண்ட் குரு. பட்டம் நிலத்துக்குத்தான், ஒயின் செய்கிறவருக்கு இல்லை.

சுவரோரமாகச் சரிவில் இறங்கிப் பார்த்தோம். மேலே கோட்டை வீட்டுப் பக்கம் கால் சறுக்குகிற சுண்ணாம்புச் சரளை, தண்ணீர் தேங்கவில்லை. கீழே நெடுஞ்சாலை ஓரம் வந்தால் செருப்பில் களிமண் அப்பிக்கொண்டது, வரிசைகளுக்கு நடுவே குட்டை. தண்ணீர் தேங்குகிற இடத்தில் கொடிக்குச் சுகவாசம், பழம் பருத்து நீர்த்துப்போகும். மேலே உள்ள கொடிக்கும் கீழே உள்ள கொடிக்கும் ஒரே பட்டம். அத்தான் செருப்பைச் சுவரில் தேய்த்துக்கொண்டே, "அப்போ பேர் மட்டும் பாத்து வாங்கினா அவ்வளவுதானா?" என்றார். அவரிடமிருந்து இப்படி ஒரு கேள்வி வந்ததே எனக்கு ஆச்சரியம்.

அங்கிருந்து நடை. ரொமானே கோந்தி தோட்டம் 2 ஹெக்டேர்கூட இல்லை. ஓரத்தில் ஒரு கல் சிலுவை, உள்ளே வராதீர்கள் என்று ஒரு பலகை. பாட்டில் பல ஆயிரம் யூரோ. கொடிகள் பக்கத்துத் தோட்டத்துக் கொடிகளைப் போலவேதான் இருக்கின்றன. நாயோடு வந்த ஒரு பெரியவர், வேறு யாரோ ஒருவரின் கால் சுவரைத் தாண்டிவிட்டதைப் பார்த்து நின்றார். கத்தவில்லை. அந்தக் கால் வெளியே வரும் வரை அசையாமல் நின்று, வந்ததும் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார்.

மோரே சான் தெனி ஊரில் முன்பதிவு செய்திருந்த ஒரு சின்ன நிலவறை. உரிமையாளர் அம்மா ஒருவர், ரப்பர் பூட்ஸோடு வந்து கதவைத் திறந்தார். சுவரெல்லாம் கறுப்புப் பூசணம், குளிர் எலும்பில் ஏறியது. 228 லிட்டர் பீப்பாய் ஒன்றின் அடைப்பைத் தட்டித் திறந்து, நீளக் கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, மேல் நுனியைக் கட்டைவிரலால் மூடித் தூக்கினார். குழாயில் ஒயின் நின்றது. விரலை லேசாக விலக்க, கிளாஸுக்கு இரண்டு மடக்கு. நாங்கள் ருசித்தது போக கிளாஸில் மிஞ்சியதைப் பீப்பாயிலேயே திருப்பி ஊற்றினார். 2024-ஆம் வருஷத்தது. அந்த வருஷம் விடாத மழையும் பூஞ்சையும் சேர்ந்து இந்தப் பக்கம் விளைச்சலை மிகவும் குறைத்துவிட்டது. ஒரு துளியைக்கூட அவர் தரையில் விடவில்லை.

பிறகு பாட்டில்கள். ஒரே வருஷம், ஒரே கை, ஒரே மாதிரிப் பீப்பாய். ஒன்று ஊர் ஒயின், ஒன்று ப்ரெமியே குரு. தனியாகக் கொடுத்திருந்தால் ஊர் ஒயினையே ஆஹா என்றிருப்பேன். பழம், புளிப்பு, எல்லாம் இருந்தது. இரண்டாவதைக் குடித்துவிட்டு முதலாவதற்குத் திரும்பினால் நடுவில் ஒரு ஓட்டை தெரிந்தது. வாயில் நுழையும்போது இருக்கிறது, துப்பும்போது இருக்கிறது, இடையில் ஒன்றுமில்லை. இரண்டாவது ஓட்டையில்லாமல் போய்க்கொண்டே இருந்தது. வாசம் அதிகம் என்றுகூட இல்லை. இதைத்தான் நான் தேடி வந்திருக்கிறேன் என்று தோன்றியது, ஆனால் பக்கத்தில் இன்னொரு கிளாஸ் இல்லாமல் இது எனக்குத் தெரிந்திருக்காது.

அத்தான் அலமாரியில் கனமான பாட்டில் தேடினார். "கண்ணாடிக்கு நீங்கள் பணம் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால் வேறு வீட்டில் கிடைக்கும்" என்றார் அந்த அம்மா.

இந்த ஊர்க்காரர் ஒருவரின் கதையை ஏற்கெனவே படித்திருந்தேன். 2008-இல் நியூயார்க் ஏலமொன்றில், போன்ஸோ குடும்பத்தின் க்ளோ சான் தெனி என்று 1945-இலிருந்து 1971 வரையிலான பாட்டில்கள் வந்தன. அந்தக் குடும்பம் அந்தத் தோட்டத்து ஒயினைச் செய்ய ஆரம்பித்ததே 1980-களில். லோரான் போன்ஸோ நேரிலேயே போய் ஏலத்திலிருந்து அவற்றை விலக்க வைத்தார். அந்தப் போலிப் பாட்டில்களைக் கொடுத்த ருடி குர்னியவானுக்கு 2014-இல் பத்து வருஷச் சிறை. வருஷக்கணக்கில் அவன் கலந்து கொடுத்ததைப் பெரிய பெரிய நாக்குகள் மெச்சிக் குடித்தன. அவன் மாட்டிக்கொண்டது சுவையால் அல்ல, லேபிளில் இருந்த வருஷத்தால்.

அக்டோபர் 17, வெள்ளி – பொமார், வோல்னே, மெர்சோ

வெயில்! தோட்டங்களுக்கு நடுவே போகும் சைக்கிள் பாதை. வாடகை நாளுக்கு 22 யூரோ. இலைகள் மஞ்சளும் துருவுமாக.

பொமார் தாண்டியதும் என் பின்சக்கரம் பஞ்சர். வாடகைக் கடைக்குப் போன் செய்தால், தள்ளிக்கொண்டு வாருங்கள் என்கிறார்கள். கொடிக் கம்பி இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த ஒரு வேலைக்காரர், நாங்கள் கேட்காமலே வேனிலிருந்து பஞ்சர் ஒட்டும் பெட்டியைக் கொண்டுவந்தார். ஒட்டி முடித்ததும் பத்து யூரோ நீட்டினேன். வாங்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அத்தானிடமிருந்த சாக்லேட்டைக் காட்டினார், அதை வாங்கிக்கொண்டார்.

பொமாரும் வோல்னேயும் அடுத்தடுத்த ஊர்கள். திராட்சை ஒன்றே. ஆனால் பொமார் ஈறைப் பிடித்தது, வோல்னே வழுக்கிக்கொண்டு போனது. இதில் எது உசத்தி என்று கேட்டால் கேள்வியே தப்பு. பொமாரின் துவர்ப்பு அடர்த்தியாக இருந்தாலும் நைசாக இருந்தது, பின்னால் பழம் தாங்கிப் பிடித்தது. எனக்குப் பிடித்தது வோல்னே. பிடிப்பதும் தரமும் வேறு வேறு கணக்கு என்பதை ஒப்புக்கொள்ள அத்தானுக்கு இன்னும் மனசு வரவில்லை. "பிடிக்காததுக்கு நான் ஏன்டா நல்லதுன்னு பேர் கொடுக்கணும்?" என்கிறார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

மெர்சோவில் முதலில் நுழைந்த இடத்தில் கிளாஸ் எடுப்பதற்கு முன்பே எத்தனை பெட்டி வாங்குவீர்கள் என்று கேட்டார்கள். சுவைக்க ஆளுக்கு 25 யூரோ. ஊற்றியது கிளாஸின் அடியை மட்டும் நனைத்தது. வாசம் என்னவோ ஆளைத் தூக்கியது. வெண்ணெய், வனிலா, வாட்டிய ரொட்டி. வாயில் வைத்தால் பின்னால் ஒன்றுமில்லை, லேசான கசப்பு. புதுப் பீப்பாய் கொடுக்கிற வாசம் அது. ஒயினில் சரக்கு இருந்தால் பீப்பாய் பின்னால் நிற்கும். இல்லையென்றால் பீப்பாய்தான் முன்னால் வந்து பேசும்.

அடுத்த தெருவில் வயதான தம்பதி ஒருவரின் வீடு. கட்டணம் இல்லை, அவசரமும் இல்லை. அந்தப் பெரியவர் ஊற்றிய வெள்ளைக்கு வாசமே இல்லை. ஜில்லென்று இருந்தது. குடிக்காதீர்கள் என்று சொல்லிவிட்டு வாசலில் உட்கார்ந்து, 2021 ஏப்ரல் உறைபனியில் மொட்டுகள் கருகிய இரவுகளைப் பற்றிப் பேசினார். அரைமணிக்குப் பிறகு அதே கிளாஸில் எலுமிச்சைத் தோல், வறுத்த பாதாம், அப்புறம் பெயர் சொல்லத் தெரியாத ஏதோ ஒரு கல் வாசம். அதிகமாகக் குளிர வைத்தால் நல்லதும் தெரியாது, கெட்டதும் தெரியாது. மட்டமான வெள்ளையை ஐஸில் புதைத்துத் தருவதன் ரகசியமும் இதுதான்.

1976 மே 24 அன்று பாரிஸில் ஸ்டீவன் ஸ்பரியர் நடத்திய சோதனையைப் பற்றி அவரிடம் பேச்செடுத்தேன். பெயர் மறைத்து ஊற்றியதில், பிரெஞ்சு நடுவர்களே கலிபோர்னியாவின் ஷாத்தோ மொன்டெலீனா வெள்ளைக்கு முதலிடம் கொடுத்துவிட்டார்கள்; மெர்சோவின் ஷார்ம் தோட்டத்து ஒயின் இரண்டாவது. அவர் தோளைக் குலுக்கினார். "இரண்டாவது வந்ததும் நல்ல ஒயின்தானே?" அவ்வளவுதான் பதில்.

அவரிடம் ஒரு பாட்டில் வாங்கினோம், 38 யூரோ. செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்தார். திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது, செய்தித்தாள் கூழாகிவிட்டது, லேபிளும் பாதி போய்விட்டது. அத்தானுக்கு அந்த லேபிள் போன துக்கம் ராத்திரி வரை.

அக்டோபர் 18, சனி – போன் நகரம்

உடம்பு சொல்லிவிட்டது. நாக்கு கறுப்பு, பல் கூச்சம், வயிற்றில் புளிப்பு. துப்பினாலும் இவ்வளவு ஒயின் ஒரு வாய்க்கு அதிகம். காலை முழுக்கத் தண்ணீரும் ரொட்டியும்தான்.

சனிக்கிழமைச் சந்தை. எப்வாஸ் என்ற சீஸை வாங்கினோம், முழு வட்டு 9 யூரோ. திராட்சைச் சாராயத்தில் கழுவிப் பதப்படுத்துவது. காகிதத்தைப் பிரித்ததும் பக்கத்தில் நின்ற குழந்தை மூக்கைப் பொத்திக்கொண்டது. ஒயின் வியாபாரிகளிடம் ஒரு பழைய பேச்சு உண்டு: வாங்கும்போது ஆப்பிள் தின்று பார், விற்கும்போது சீஸ் கொடுத்து விற்றுவிடு. சீஸின் கொழுப்பும் உப்பும் துவர்ப்பையும் புளிப்பையும் மழுக்கிவிடும். ஆப்பிள் எல்லாக் குறையையும் துருத்திக் காட்டும். சுவைக்கக் கூப்பிட்டு முதலில் சீஸ் தட்டை நீட்டுகிற இடங்களில் இனி கொஞ்சம் உஷாராக இருப்பேன்.

ராத்திரி எங்கள் சோதனை. கடைக்காரரிடம் சொல்லி இரண்டு சிவப்பு வாங்கினேன், இரண்டும் 2022. ஒன்று மலைமேட்டுத் தோட்டங்களின் ஓத் கோத், 17 யூரோ. இன்னொன்று சாவினி ஊரின் ப்ரெமியே குரு, 52 யூரோ. விடுதிக்கார அம்மா இரண்டையும் காகிதப் பையில் போட்டு, அ, ஆ என்று நான் எழுதிக் கொடுத்த எழுத்தை அழகாகப் பார்த்து வரைந்தார். எது எது என்று அவருக்கு மட்டும்தான் தெரியும்.

'அ' உடனே சிரித்தது. பழம், மிருது, சுலபம். 'ஆ' முறைத்தது. வாசம் கஞ்சத்தனம், துவர்ப்பு இறுக்கம். அத்தான் யோசிக்கவே இல்லை: "அ-தான் அம்பத்திரண்டு." எனக்கும் குடிக்கப் பிடித்தது 'அ'தான். ஆனால் துப்பிவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தால் 'அ' ஐந்தில் நின்றுவிட்டது, 'ஆ' பத்தைத் தாண்டியது. நான் 'ஆ' என்றேன், பாதி நம்பிக்கையோடு. விடுதி அம்மாவும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். இன்றைக்கு முடிவு சொல்ல மாட்டேன், பாதி பாதி மிச்சம் வையுங்கள், காலையில் பார்க்கலாம் என்று கார்க்கைச் செருகி எடுத்துக்கொண்டு போய்விட்டார். பணம் கொடுத்து வாங்கியது நாங்கள்!

அக்டோபர் 19, ஞாயிறு – கிளம்புகிற நாள்

காலை உணவு மேஜையில் க்ருவாசானுக்கும் ஜாமுக்கும் நடுவில் இரண்டு காகிதப் பைகள். மற்ற விருந்தாளிகள் மரியாதையாக வேறு பக்கம் பார்த்தார்கள்.

'அ'வில் நேற்றைய பழம் போய்விட்டது. லேசாக வாடிய ஆப்பிள், மெலிந்த புளிப்பு. கெட்டுப்போகவில்லை, ஆள் இல்லை, அவ்வளவுதான். 'ஆ'வுக்கு ராத்திரிக் காற்று நன்றாக வேலை செய்திருந்தது. இறுக்கம் தளர்ந்து, செர்ரியும் லேசான மிளகும் மேலே வந்திருந்தன. துவர்ப்பு அங்கேயேதான் இருந்தது, ஆனால் தனியாகத் தெரியவில்லை. அத்தான் ஒன்றும் பேசாமல் இரண்டாவது முறை ஊற்றிக்கொண்டார், அதிலிருந்தே தெரிந்தது.

அம்மா பைகளைக் கழற்றினார். 'ஆ' சாவினி.

நான் ஜெயித்த சந்தோஷத்தில் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அத்தான் கணக்குப் போட ஆரம்பித்தார். "வித்தியாசம் முப்பத்தஞ்சு யூரோ. கூட நின்னது அஞ்சு நொடி. நொடிக்கு ஏழு யூரோ. அதுவும் மறுநாள் காலைலதான்." விடுதி அம்மாவுக்கு நான் அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். அவர் பில்லை எடுத்து வந்து மேஜையில் வைத்தார். தான் வீட்டில் குடிப்பது ஓத் கோத்தான், திறந்தால் அன்றைக்கே முடிந்துவிடும், மறுநாள் வரை எங்கே மிஞ்சுகிறது என்றார்.

டிஷோன் ரயில் ஒன்பது நிமிஷம் தாமதம். லேபிள் போன மெர்சோ அத்தான் பெட்டியில் இருக்கிறது; அக்காவிடம் விலையை முதலில் சொல்வதா, குடித்த பிறகு சொல்வதா என்று பிளாட்பாரத்தில் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.